வயர் எட்டிய தூரம் வரை

பிரெஞ்சு சினிமா இயக்குநர் ஆன்யெஸ் வார்தாவைப் பற்றி நினைத்தாலே எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரு மின்சார வயர்தான். 1970களின் நடுவில், பாரிஸின் தாகேர் தெருவில், சின்னக் குழந்தையை விட்டு எங்கும் போக முடியாத நிலையில், வீட்டிலிருந்தே வயர் இழுத்து, அது எட்டிய தூரம் வரைக்கும் உள்ள ரொட்டிக் கடைக்காரர், இறைச்சிக் கடைக்காரர், தையல்காரர் என்று அக்கம்பக்கத்தாரை மட்டும் வைத்தே ஒரு முழு ஆவணப்படம் எடுத்துவிட்டார். எப்பேர்ப்பட்ட பிடிவாதம்!

பிறந்தது 1928இல், பிரஸ்ஸல்ஸில். முதலில் புகைப்படக்காரர், அப்புறம்தான் சினிமா. கதைப்படங்களும் நிறைய எடுத்தார், ஆனால் என் மனம் ஆவணப்படங்களில்தான் நிற்கிறது.

2000இல் வந்த படத்தில், அறுவடை முடிந்த வயலில் மிச்சம் பொறுக்குகிறவர்களைத் தேடிப் போகிறார். விற்பனைக்கு ஆகாது என்று கொட்டிய குவியலில் இதய வடிவ உருளைக்கிழங்குகளைக் கண்டதும் குழந்தை மாதிரி பையில் அள்ளிப்போடுகிறார். ஒரு கையில் சின்ன டிஜிட்டல் கேமரா, இன்னொரு கையின் சுருக்கங்களை அவரே நெருக்கத்தில் படம் பிடிக்கிறார். அந்தக் காட்சியில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

2017இல் கௌரவ ஆஸ்கர் கிடைத்தது. 2019 மார்ச்சில், 90 வயதில், அதே பாரிஸில் காலமானார்.