நாய் கடித்தால் முதலில் குழாயடிக்கு

மலேசியாவின் கெடா மாநிலத்திலுள்ள எங்கள் தோட்டப்புறத்தில், நாய் கடித்த காயத்தில் காப்பித்தூளையோ மஞ்சளையோ அப்பிக்கொண்டு ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போகிறவர்களை இன்றும் பார்க்கிறேன், மனம் பதறுகிறது. நாய்க்கடியால் பரவும் ரேபிஸ் (வெறிநாய்க்கடி) நோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் உயிரைக் காப்பது ஏறக்குறைய இயலாத காரியம். எனவே, ஓடும் குழாய்நீரில் சவர்க்காரம் போட்டு, 15 நிமிடத்திற்குக் குறையாமல் காயத்தைக் கழுவிவிட்டு, அது சிறு கீறலாகவே இருந்தாலும், அன்றே அரசாங்க கிளினிக்கிற்குச் செல்ல வேண்டும். தடுப்பூசி போடத் தொடங்கினால், புண் ஆறிவிட்டதென்று தவணையைப் பாதியில் விட்டுவிடக் கூடாது.

2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு ஆகிய மாநிலங்களில் இந்நோய் தலைகாட்டியது. சரவாக்கில் 2017 முதல் உயிர்களைப் பறித்து வருகிறது. அப்படியிருந்தும், “நம்ம லயத்து நாய்தானே” என்று சொல்லி, உரிமமும் தடுப்பூசியும் இல்லாமல் நாயை அவிழ்த்துவிடுவது, என்னைக் கேட்டால், அண்டை வீட்டுப் பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம்.

கடித்த நாயை ஆத்திரத்தில் அடித்துக் கொன்றுவிடாதீர்கள். கால்நடைச் சேவைத் துறையினரிடம் தெரிவித்து, அவர்கள் அதைத் தனியே கண்காணிக்க வழிவிடுங்கள். கடித்த பின் 10 நாள்கள் அது நலமாக இருந்தால், கடித்த வேளையில் அதன் உமிழ்நீரில் கிருமி இருக்கவில்லை என்று கொள்ளலாம். ஆனால் அந்த முடிவு தெரியட்டும் என்று சிகிச்சையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.