இன்டர்லொக் முற்றம்

அரை மணித்தியால மழைதான். என் செருப்பு ஒன்று தோணி மாதிரி மிதந்து கேற்றடிக்குப் போய்விட்டது.

போன வருடம் நான்தான் ஆசைப்பட்டு முற்றம் முழுக்க இன்டர்லொக் கல் பதித்தேன், சேறு இல்லை, சருகு கூட்டத் தேவையில்லை என்று.

மதிலால் பக்கத்து வீட்டு அன்ரியின் வளவை எட்டிப் பார்த்தேன். கூரைப் பீலியின் குழாயை நேரே ஒரு பள்ளமான பாத்திக்குள் விட்டிருக்கிறார். அதற்குள் வாழை, றம்பை, ஓரத்தில் செவ்வரத்தை, சருகும் அள்ளாமல் அப்படியே கிடக்கிறது. நான் பிளேன்ரீ குடித்து முடிக்க முதல் அங்கே தண்ணீர் வற்றி, வாழையடியில் ஒரு தவளை மட்டும் குந்தியிருந்தது. (எங்கள் பக்கம் நுளம்புதான்.)

கொழும்பு 2018இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்ற ஊர். பத்தரமுல்லைப் பக்கத்துச் சதுப்புகள் செய்வதும் இதே வேலைதான், வெள்ளத்தை வாங்கி வைத்து மெதுவாக விடுவது. கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா 1948இல் பெந்தோட்டைக்கு அருகே வாங்கிய றப்பர்த் தோட்டத்தை எப்படி லுணுகங்க என்ற அழகுத் தோட்டமாக ஆக்கினார் என்று பார்க்கக் காசு கட்டிப் போனவன் நான், மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்ததைப் பார்க்கவில்லை.

சரி, பீலியடியில் நாலு வரிசைக் கல்லைக் கிளப்பியாயிற்று. அன்ரி றம்பைக் கன்று தருகிறாராம்.

கல் யாருக்காவது வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.