இருட்டு மூலையில் எட்டு மாதம்

எங்கள் கூடத்தில் சோபாவுக்குப் பின்னால் ஒரு மூலை, ஜன்னலிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி. பகலில் விளக்குப் போடாமலே அங்கே படிக்க முடியும். அதனால் செடிக்கும் அந்த வெளிச்சம் போதும் என்று நினைத்துவிட்டேன். கைபேசியில் லக்ஸ் மீட்டர் செயலியைப் போட்டு அளந்தபோதுதான் உண்மை தெரிந்தது (லக்ஸ் என்பது ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு). நண்பகலில் ஜன்னலோரம் 2,400 லக்ஸ், மூலையில் 130. செயலி கொஞ்சம் முன்னே பின்னே காட்டும்தான், ஆனால் இவ்வளவு தூரம் பொய் சொல்லாது. வெட்டவெளியில் உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸைத் தொடும். கண் பாவையை விரித்து நம்மை ஏமாற்றிவிடுகிறது.

ஆனால் அளந்தது செடிகளை வாங்கி வைத்த பிறகு! மஞ்சள் தெறித்த மணி பிளான்ட், இசட் இசட் பிளான்ட், ஸ்னேக் பிளான்ட், சிவப்பு அக்லோனிமா. நான்குமே 'குறைந்த வெளிச்சத்தில் வளரும்' ரகம் என்றார்கள்.

முதல் மாதம் எல்லாம் அழகாக இருந்தன. இரண்டாம் மாதம் இசட் இசட்டின் ஒரு தண்டு மஞ்சளானது. தண்ணீர் பற்றவில்லை போல என்று இன்னும் ஊற்றினேன். ஒரு நாள் தண்டைத் தொட்டு லேசாக இழுத்தேன், அடியோடு கையில் வந்துவிட்டது. கீழே இருந்த கிழங்கு கொழகொழவென்று, மூக்கைப் பொத்தவைக்கும் வாடையோடு.

தப்பு என்னுடையது. வெயில் படும் பால்கனித் தொட்டிகளுக்கு ஊற்றும் கணக்கிலேயே இதற்கும் வாரம் இரண்டு தடவை ஊற்றியிருக்கிறேன். வெளிச்சம் குறைந்தால் இலை உணவு தயாரிப்பதும் குறையும், தண்ணீர் இழுப்பதும் குறையும். மண் ஈரம் காயாமல் கிடக்க, வேருக்குக் காற்று கிடைக்காமல் அழுகல் தொடங்கிவிடும். அதிலும் இசட் இசட் கிழங்கிலேயே தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் செடி. அழுகியதை வெட்டி எறிந்து, நல்ல கிழங்கை ஒரு நாள் உலரவிட்டு, பெர்லைட் (தண்ணீர் தேங்காமல் வடியவைக்கும் லேசான வெள்ளைக் குருணை) தாராளமாகக் கலந்த மண்ணில் நட்டேன். இப்போது ஒரு மரக்குச்சியைத் தொட்டியின் அடிவரை செருகிப் பார்க்கிறேன். மண் ஒட்டாமல் வந்தால்தான் தண்ணீர். சராசரியாக நான்கு வாரத்துக்கு ஒரு முறை ஆகிறது. பிழைத்துக்கொண்டது.

மணி பிளான்ட் வேறு விதமாகப் பேசியது. கணுவுக்குக் கணு இரண்டு விரல் இருந்த இடைவெளி நான்கு விரலானது. இலைகள் சிறுத்தன. மஞ்சள் தெறிப்பு மறைந்து புது இலைகள் முழுப் பச்சையாக வந்தன. மஞ்சள் பகுதியில் பச்சையம் குறைவு, இந்த வெளிச்சத்தில் அது கட்டுப்படியாகாது. நீண்ட கொடியைக் கணுவோடு நறுக்கித் தண்ணீரில் போட்டு, தாய்ச்செடியை ஜன்னலுக்கு மாற்றினேன். சிவப்பு அக்லோனிமாவும் வெளிறிப்போய் அங்கேயே குடியேறியது. அதற்குப் பதிலாக, வெள்ளிக் கோடு போட்ட பச்சை அக்லோனிமா மூலைக்கு வந்து, இதுவரை முகம் சுளிக்காமல் இருக்கிறது. வீட்டில் பூனை இருப்பதால் எல்லாமே உயரமான ஸ்டாண்டில். இசட் இசட், மணி பிளான்ட், அக்லோனிமா மூன்றிலும் கால்சியம் ஆக்சலேட் இருக்கிறது, கடித்தால் வாய் எரியும்.

ஸ்னேக் பிளான்ட்தான் என்னைக் குழப்பியது. வாடவும் இல்லை, வளரவும் இல்லை. ஆறு மாதத்தில் ஒரு புது இலைகூட இல்லை. இரவில் ஆக்சிஜன் தரும் என்று பலரும் படுக்கையறையில் வைக்கிறார்கள். உண்மையில் அது இரவில் இலைத்துளைகளைத் திறப்பது கரியமில வாயுவை உள்ளே இழுக்கத்தான். ஆக்சிஜன் உண்டாவது பகல் வெளிச்சத்தில். அந்த வெளிச்சம்தானே இங்கே பஞ்சம்! அப்படியென்றால் 'வளரும்' என்று சொன்னது 'சாகாது' என்ற அர்த்தத்தில்தான்.

சரி என்று ஆறாம் மாதக் கடைசியில் 12 வாட் வெள்ளை எல்இடி பல்பு ஒன்றைக் கூம்பு மூடியோடு தொங்கவிட்டு, டைமரில் தினமும் 12 மணி நேரம் எரியவிட்டேன். இலை மட்டத்தில் 1,500 லக்ஸ் காட்டியது. இலைகளில் படிந்த தூசியையும் ஈரத்துணியால் துடைத்தேன். துணி கறுத்ததைப் பார்த்து எனக்கே வெட்கம்.

ஐந்து வாரம் கழித்து ஸ்னேக் பிளான்ட் தொட்டி ஓரத்தில் மண் லேசாக மேலெழும்பி வெடித்திருந்தது. உள்ளே வெளிர்பச்சையில் ஒரு கூர்முனை. இன்று அளந்தேன், 4 சென்டிமீட்டர்.