திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம்: அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்

அப்பாவுக்கு அறுபது என்றதும் சென்னையில் பிள்ளைகள் போனை எடுத்துத் திருக்கடையூர் மண்டபத்துக்குப் பேசிவிடுகிறார்கள். எந்தத் தேதி என்று மண்டபக்காரர் கேட்பார். இவர்கள் ஆதாரில் இருக்கும் பிறந்த தேதியைச் சொல்வார்கள், இல்லை அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையை. அவரும் குறித்துக்கொள்வார். ஜாதக நோட்டை யாரும் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

59 முடிந்து 60 தொடங்கும்போது செய்வது உக்ரரத சாந்தி. 60 முடிந்து 61 தொடங்கும்போது சஷ்டியப்த பூர்த்தி. அறுபதாம் கல்யாணம், மணிவிழா என்பதெல்லாம் இதைத்தான். பிறந்த தமிழ் வருஷத்தின் பெயர் அறுபது ஆண்டு கழித்துத் திரும்ப வரும், அந்த வருஷத்தில், பிறந்த தமிழ் மாதத்தில், பிறந்த நட்சத்திரத்தில் செய்ய வேண்டும். கணவருடைய கணக்குதான், மனைவியின் வயதைப் பார்ப்பதில்லை. 1966 ஆடியில் பிறந்தவர் பராபவ வருஷம், அவருக்கு 2026 ஆடி. 1967 மாசியில் பிறந்தவரும் பராபவ வருஷம்தான், ஆனால் அவருக்கு மாசி வருவது 2027-இல். இப்படி ஜனவரி முதல் ஏப்ரல் பாதி வரை பிறந்தவர்கள் விஷயத்தில்தான் ஒரு வருஷம் முன்னே பின்னே போகும் தவறு அதிகம்.

ஆங்கில மாதத்தின் 12 முதல் 18 தேதிக்குள் பிறந்திருந்தால் தமிழ் மாதம் எது என்று அந்த வருஷத்துப் பஞ்சாங்கத்திலேயே பார்த்துவிடுங்கள். நள்ளிரவுக்குப் பின், விடிவதற்கு முன் பிறந்தவர்களுக்கு ஆஸ்பத்திரி தேதியும் பஞ்சாங்க நாளும் வேறு வேறு. நட்சத்திரம் சுமார் 27 நாளுக்கு ஒருமுறை சுற்றி வருவதால் ஒரே மாதத்தில் இரண்டு தடவை வரக்கூடும். அப்போது இரண்டாவதை எடுப்பது பெரும்பாலான வீட்டு வழக்கம். வாக்கியம், திருக்கணிதம் என்று பஞ்சாங்கம் இரண்டு வகை, இரண்டுக்கும் நட்சத்திரம் முடியும் நேரம் மாறும், சில சமயம் நாளே மாறிவிடும். வீட்டில் எதைப் பார்ப்பார்களோ அதைக் குருக்களிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

எண்பதாம் கல்யாணமான சதாபிஷேகத்துக்கு 80 முடிந்த அன்றே தேதி குறிப்பவர்கள் உண்டு. ஆயிரம் பிறை கண்டவர் என்ற கணக்குப்படி பார்த்தால், ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்த பௌர்ணமிக்கு 29.53 நாள், ஆயிரத்துக்கு 29,530 நாள். 80 வருஷமும் ஏறக்குறைய பத்து மாதமும் ஆகிறது. அவசரம் வேண்டாம்.

திருக்கடையூரில் எமனையே காலால் உதைத்தவர் இருக்கிறார், அதனால் நாள் நட்சத்திரம் பார்க்க வேண்டாம் என்று அங்கே சொல்வார்கள். மார்க்கண்டேயர் கதையும் காலசம்ஹார மூர்த்தியும் அந்த ஊரின் ஆதாரம், மறுக்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கு எல்லாரும் வசதியாக எடுத்துக்கொள்ளும் வாதமும் அதுவேதான். பலன், ஞாயிறன்று பிரகாரம் முழுக்கப் புகையும் தம்பதிகளும். பிறந்த நட்சத்திரம் புதன்கிழமை வந்தால் அதை வரம் என்று நினைத்துக்கொள்ளலாம்.

இனி பணம். கோயில் தருமபுரம் ஆதீனத்தைச் சேர்ந்தது. கோயிலுக்குரிய கட்டணத்துக்கு அச்சிட்ட ரசீது உண்டு. ஹோமம், கலசம், குருக்கள் சம்பாவனை (தட்சிணை), மண்டபம், சாப்பாடு, ரூம், மேளம், போட்டோ எல்லாம் தனியார் ஏற்பாடு. இரண்டையும் ஒரே தொகையாகச் சொல்வதுதான் பேக்கேஜ். அதில் தப்பில்லை, தலைமுறையாக அங்கே செய்துவைக்கும் குருக்கள் குடும்பங்கள் இருக்கின்றன, நன்றாகவே செய்கிறார்கள். ஆனால் கூகுளில் தேடினால் கோபுரப் படத்தோடு வரும் தளங்களில் பல டிராவல்ஸ்காரர்களும் மண்டபக்காரர்களும் நடத்துபவை. கேட்க வேண்டிய கேள்வி: கோயில் ரசீது யார் பெயரில் வரும், அந்தத் தொகை இதில் சேர்ந்ததா? பதில் சுற்றி வளைத்து வந்தால் வேறு இடம் பாருங்கள்.

பேச்சு கலசக் கணக்கில் நடக்கும்: 16, 32, 64, 108. கலசம் என்றால் நூல் சுற்றிய சொம்பு, மாவிலை, தேங்காய், தர்ப்பைக் கூர்ச்சம் (தர்ப்பையை முடிந்த சிறு கட்டு). 64 கலசத்துக்கு 64 தேங்காய், அதற்கேற்ப வஸ்திரம், ஜபம் செய்ய ஆட்கள். எண்ணிக்கை கூடக் கூட நேரமும் கூடும். 80 வயதுக்காரரை 108 கலசத்துக்கு உட்காரவைக்கும் முன் அவரை ஒரு வார்த்தை கேளுங்கள். 16 போதும் என்பது என் கட்சி. கலசத்தைவிட, உங்கள் தம்பதிக்கு எத்தனை குருக்கள் வருவார்கள், அவர்கள் அதே நேரத்தில் இன்னொரு தம்பதிக்கும் ஓடுவார்களா என்பது முக்கியம். தச தானத்தில் பசு, பூமி, எள், பொன், நெய், வஸ்திரம், தானியம், வெல்லம், வெள்ளி, உப்பு பத்தும் பொருளாகவா, பணமாகவா? பணமென்றால் பேக்கேஜில் உண்டா? அங்கே உட்கார்ந்தபின் சில்லறை தேட வேண்டாம்.

அடுத்து நேரம். சில இடங்களில் ஒரே நாளில் இரண்டு பேட்ச். விடியற்காலை பேட்சையே கேளுங்கள். கோபூஜை, கஜபூஜை, சங்கல்பம், புண்யாஹவாசனம் (இடத்தைச் சுத்திசெய்யும் சடங்கு), ஜபம், ஹோமம், கலசாபிஷேகம், மாங்கல்யதாரணம், பிறகு சுவாமி, காலசம்ஹார மூர்த்தி, அபிராமி சன்னிதி அர்ச்சனை என்று வரிசை நீளும். மதியம் 1 மணியளவில் நடை சாத்திவிடுவார்கள். இரண்டாம் பேட்ச் தாமதித்தால் அபிராமியைப் பார்க்க நாலு மணி வரை காத்திருக்க வேண்டியதுதான். கள்ளவாரணப் பிள்ளையாரை முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

கோத்திரம், நட்சத்திரம், ராசி, பிள்ளைகள், மருமக்கள், பேரக் குழந்தைகள் பெயர்களை ஒரே தாளில் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, அச்செடுத்தும் கையில் வைத்திருங்கள். சங்கல்பத்தின் நடுவே மாப்பிள்ளையின் நட்சத்திரத்துக்குப் போன் போடும் காட்சி அங்கே தினமும் நடக்கிறது. கோத்திரம் தெரியாவிட்டால் சிவகோத்திரம் சொல்லிவிடுவார்கள்.

கலசத் தண்ணீரைச் சல்லடை வழியாகத் தம்பதி தலையில் உறவினர் ஒவ்வொருவராக ஊற்றுவார்கள். அதற்குப் பட்டு கட்டாதீர்கள்; பருத்தி வேட்டி, பருத்திப் புடவை, நாலு துண்டு. கூறைப்புடவையும் பட்டு வேட்டியும் மாங்கல்யத்துக்கு. (கூறைக்குப் பேர்போன கூறைநாடு பக்கத்து மாயவரத்தில்தான், சென்னையில் வாங்கிச் சுமக்க வேண்டியதில்லை.) உடை மாற்ற அறை பக்கத்தில் இருக்கிறதா, ஈரத் தரையில் பிடித்து நடக்க ஆள் யார் என்பதையும் முடிவுசெய்துவிடுங்கள். மணையில் உட்கார முடியாதவர்களுக்கு ஸ்டூல் கேட்டால் தருவார்கள், முன்னாலேயே சொன்னால். சர்க்கரை மாத்திரை போடுபவர் வெறும் வயிற்றோடு பதினொரு மணி வரை உட்காரக் கூடாது. பால் பழமாவது கொடுத்துவிடுங்கள். திருமாங்கல்யம் நீங்கள் கொண்டுபோக வேண்டியது. மாலை இரண்டு ஜோடி வேண்டும், முதல் ஜோடி நனைந்துவிடும்.

சாப்பாட்டை இலைக் கணக்கில் பேசுங்கள். குறைந்தபட்சம் எத்தனை இலை, கூடுதல் இலைக்கு என்ன விலை என்று எழுதி வாங்குங்கள். நாற்பது பேர் என்று சொன்ன இடத்துக்கு வேனில் அறுபது பேர் வந்து இறங்குவது நம் ஊர் வழக்கம்.

சென்னையிலிருந்து புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி வழியாகச் சுமார் 260 கிலோமீட்டர். ரயிலென்றால் மயிலாடுதுறையில் இறங்கி இருபது கிலோமீட்டருக்கு மேல் காரில். முதல் நாள் மாலைக்குள் போய்விடுவது நல்லது, விடியற்காலை பேட்சுக்கு அதுதான் ஒரே வழி. ஊரில் ரூம் இல்லையென்றால் மயிலாடுதுறையில் பாருங்கள்.

கடைசியாக, தீட்டு. பங்காளி வீட்டில் பிறப்போ இறப்போ நேர்ந்தால் அந்தத் தேதியில் செய்ய முடியாது. அட்வான்ஸ் திரும்ப வருமா, அடுத்தமுறை அதே நட்சத்திரம் வரும் நாளுக்கு மாற்றித் தருவார்களா என்று முதல் போனிலேயே கேளுங்கள். கேட்கத் தயங்கும் கேள்வி இது, மண்டபக்காரர்களுக்குப் பழகினது. மாற்றித் தருவோம் என்றால் அதையும் வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதச் சொல்லிவிட்டு, பிறகு அட்வான்ஸ் அனுப்புங்கள். மீதியைச் சடங்கு முடிந்து, கோயில் ரசீது கைக்கு வந்தபின் கொடுத்தால் போதும்.