மதியத்தில் விழும் பிரேக்கர்

கோடைக்காலத் தீ விபத்து அறிக்கைகளில் "கடும் வெப்பத்தின் காரணமாக" என்று ஒரு வரி தவறாமல் இருக்கும். ஆலைகளிலும் கிடங்குகளிலும் தீப் பாதுகாப்பு வேலை பார்ப்பவன் என்ற முறையில் அந்த வரி எனக்கு ஒப்புவதில்லை. காகிதம் தானாகப் பற்றிக்கொள்ள இருநூறு டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். வெயில் எவ்வளவு கொளுத்தினாலும் 45, 48 டிகிரியைத் தாண்டுவது அபூர்வம். மிச்சத்தைக் கொண்டுவந்து சேர்ப்பது நாம்தான். அதையும் அலட்சியத்தால் செய்கிறோம் என்று சொல்ல மாட்டேன், பெரும்பாலும் புழுக்கம் தாங்க முடியாமல்தான் செய்கிறோம்.

தீத்தடுப்புக் கதவையே எடுத்துக்கொள்ளுங்கள். தானாக மூடிக்கொள்ளும் கனமான கதவு அது. ஒரு பகுதியில் பற்றும் தீயையும் புகையையும் அடுத்த பகுதிக்கு விடாமல் தடுப்பதற்காக வைத்தது. கோடை வந்ததும் அது திறந்தே கிடக்கும், கீழே ஒரு முட்டு. அந்த முட்டு பல இடங்களில் சிவப்பு நிறத் தீயணைப்பானாகவே இருப்பதைப் பார்த்துச் சிரிக்கவா அழவா என்று தெரியாமல் நின்றிருக்கிறேன். சுற்றறிக்கை ஒட்டினால் இரண்டு நாள் மூடியிருக்கும், அப்புறம் பழையபடிதான். ஒரு கிடங்கின் மேற்பார்வையாளர் என்னிடம் நேராகவே சொன்னார்: "சார், கதவை மூடச் சொல்றீங்க, சரி. மூடிட்டு ஒரு மணி நேரம் உள்ள நின்னு பாருங்க." நின்று பார்த்தேன். தகரக் கூரைக்குக் கீழே காற்று அசையவே இல்லை, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அவர் சொன்னதில் பொய்யில்லை.

அங்கே கடைசியில் வேலை செய்தது சுற்றறிக்கை இல்லை. கதவைத் திறந்த நிலையில் பிடித்து வைக்கும் மின்காந்தப் பிடிப்பான் ஒன்று உண்டு. அலாரம் அடித்தாலோ கரண்ட் போனாலோ பிடியை விட்டுவிடும், கதவு தானாக மூடிக்கொள்ளும். அதைப் பொருத்தி, கூரையில் வெப்பக் காற்றை வெளியேற்றும் விசிறிகளையும் வைத்த பிறகு அந்தக் கதவின் கீழ் முட்டு எதுவும் இருந்து நான் பார்க்கவில்லை. ஆட்களின் அவதியைக் குறைக்காமல் விதியை மட்டும் நீட்டினால் கோடையில் தோற்பது விதிதான். இதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில கோடைகள் ஆயின.

கதவாவது கண்ணுக்குத் தெரிகிறது. நான் அதிகம் பயப்படுவது மின் பேனலுக்குள் நடப்பதைப் பார்த்துத்தான்.

கோடையில் மெயின்டனன்ஸ் அறைக்கு அடிக்கடி வரும் புகார் இது: "மதியமானா பிரேக்கர் டிரிப் ஆகுது. காலையில ஒண்ணுமே இல்ல." எம்சிபி என்பது சுமை மீறினால் தானாக மின்சாரத்தைத் துண்டிக்கும் இந்தப் பிரேக்கர்தான். சாதாரண எம்சிபி 30 டிகிரிச் சுற்றுச்சூழலுக்கு அளவு வைத்துத் தயாராவது. உள்ளே சூட்டில் வளையும் உலோகப் பட்டை ஒன்று இருக்கிறது. மூடிய பேனலுக்குள் 50 டிகிரி ஏறிவிட்டால் அந்தப் பட்டை பாதி வளைந்தே இருக்கும். ஆகவே 32 ஆம்பியர் பிரேக்கர், 32 வருவதற்கு முன்பே விழுந்துவிடுகிறது. எலெக்ட்ரீஷியன் அழுத்தம் தாங்காமல் அதைக் கழற்றிவிட்டு 40 ஆம்பியரைப் போட்டுவிடுவார். பிரச்சினை தீர்ந்தது, எல்லோருக்கும் சந்தோஷம்.

சுவரில் ஓடும் கம்பிக்கு மட்டும் இந்தச் சந்தோஷத்தில் பங்கில்லை. பிவிசி உறை போட்ட செம்புக் கம்பி 70 டிகிரி வரைதான் தாங்கும். சர்வதேச அட்டவணைப்படி, சுவரில் பதித்த கிளிப்புகளில் ஓடும் 4 சதுர மில்லிமீட்டர் இரு கம்பி கேபிள் 30 டிகிரியில் 36 ஆம்பியர் சுமக்கும். அதே கேபிள் 50 டிகிரிச் சூட்டில் ஓடினால் 0.71 ஆல் பெருக்க வேண்டும், அதாவது 26 ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவு. கூரைக்குக் கீழே வெயில் வாங்கும் தகரத்தை ஒட்டி ஓடும் கேபிளுக்கு 50 டிகிரி என்பது சர்வசாதாரணம். பிரேக்கர் மதியத்தில் விழுந்தது கோளாறு இல்லை, கம்பியின் நிலைமையை அது கிட்டத்தட்டச் சரியாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த வாயை அடைத்துவிட்டு, 26 சுமக்கக்கூடிய கம்பியில் 40 வரை போக வழிவிடுகிறோம். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் கம்பியில் பிறக்கும் சூடு நான்கு மடங்காகும் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

ஏன் சுமை ஏறுகிறது? அதற்கும் விடை புழுக்கம்தான். ஏசி கம்ப்ரஸர் வெளியே சூடு கூடக்கூட அதிக கரண்ட் இழுக்கும். ஃபில்டரும் வெளி யூனிட்டின் கம்பி வலையும் தூசி அடைத்திருந்தால் இன்னும் கூடுதலாக இழுக்கும். அது போதாமல் ஒவ்வொரு மேஜைக்கும் ஒரு விசிறி வரும், விசிறிக்காக ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதிலிருந்து இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். ஒயர் நீளமாக இருக்கிறதென்று சுருட்டிக் கட்டி வைப்பார்கள். சுருளுக்குள் சூடு போக வழியே இருக்காது.

பேனலில் லூஸ் கனெக்‌ஷன் இருக்கிறதா என்று பார்க்க, சூட்டைப் படமாகக் காட்டும் தெர்மல் கேமரா நல்ல கருவி. ஆனால் அதை எப்போது பிடிக்கிறோம் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஆய்வுக்கு வரும் குழு காலை ஒன்பது மணிக்கு, பாதி இயந்திரங்கள் ஓடாத நேரத்தில், படம் எடுத்துவிட்டு "எல்லாம் நார்மல்" என்று அறிக்கை தந்துவிட்டுப் போகும். சுமை இல்லாத இணைப்பு சூடாவதில்லை, எனவே லூஸ் கனெக்‌ஷனும் படத்தில் தெரியாது. முழுச் சுமை ஓடும் பிற்பகலில், பேனல் கதவைத் தகுதியுள்ள ஆள் திறந்து வைத்துப் பார்க்க வேண்டும். மூன்று ஃபேஸும் ஒரே அளவு சுமையில் இருக்கும்போது கம்பியை முடுக்கும் ஒரு டெர்மினல் மட்டும் மற்ற இரண்டைவிடத் தனியாகச் சூடேறித் தெரிந்தால் அதுதான் ஆள். பளபளக்கும் வெற்றுச் செம்பில் கேமரா காட்டும் எண்ணை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம், பக்கத்து இன்சுலேஷனின் சூட்டையும் பாருங்கள்.

அடுத்தது பெயின்ட் அறை, கிளீனிங் அறை சமாச்சாரம். பெட்ரோல் என்றால் எல்லோருக்கும் பயம் உண்டு. மண்ணெண்ணெயையும் பெயின்டில் கலக்கும் மினரல் டர்பன்டைனையும் அவ்வளவு பொருட்படுத்த மாட்டார்கள். "இது சட்டுனு பிடிக்காது சார்" என்பார்கள். குளிர்ந்த நாளில் அது உண்மைதான். பற்றக்கூடிய அளவு ஆவி கிளம்பும் வெப்பநிலை இவற்றுக்கு 38 டிகிரியை ஒட்டி இருக்கிறது. 41 டிகிரி அடிக்கும் மதியத்தில், மூடி திறந்த டப்பாவின் மேல் அந்த ஆவி தயாராக நிற்கும். காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு ஊர்ந்து போய் எங்கோ இருக்கும் மோட்டாரையோ சுவிட்சையோ தேடிப் பிடிக்கும். டீசலுக்கு அந்த எல்லை பொதுவாக இன்னும் மேலே, ஆனால் நாள் முழுக்க வெயிலில் நிற்கும் இரும்பு பேரலின் தகடு அதைத் தாண்டுவது கஷ்டமே இல்லை. ஆறு மாதம் பிரச்சினை தராத அதே பொருள், அதே அலமாரி, அதே ஆள். மாறியது வெப்பநிலை மட்டும். வருடம் முழுக்க ஒரே மாதிரி எழுதி வைத்திருக்கும் ஆபத்துப் பட்டியல்களை நான் திருப்பித் தருவதற்கு இதுதான் காரணம்.

லின்சீட் எண்ணெய், அதாவது ஆளி விதை எண்ணெய், கலந்த மரப் பாலிஷைத் துடைத்த துணி இன்னும் மோசம். அது காய்வதே ஆக்சிஜனோடு வினைபுரிந்துதான், அந்த வினை சூட்டைக் கிளப்பும். குவித்துப் போட்டால் சூடு வெளியேறாமல் தானே பற்றிக்கொள்ளும். தண்ணீர் ஊற்றிய, மூடியுள்ள உலோகத் தொட்டியில் போட்டால் முடிந்தது வேலை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தீயணைப்பானை நேர் வெயிலில் மாட்டாதீர்கள், எத்தனை டிகிரி வரை என்று அதன் லேபிளிலேயே இருக்கும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரை நிழலிலேயே வைக்க வேண்டும். 31 டிகிரிக்கு மேல் அது திரவமாக நிற்காது, உள் அழுத்தம் வேகமாக ஏறும். தீப் பிடித்தால் கூரையிலிருந்து தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்ளரில் சிவப்புக் கண்ணாடிக் குமிழ் 68 டிகிரியில் உடையும், கூரையடி 38 டிகிரியைத் தாண்டாத இடத்துக்கு உரியது. தகரக் கூரைக்குக் கீழே 79இல் உடையும் மஞ்சளோ 93இல் உடையும் பச்சையோதான் பொருத்தம். லித்தியம் பேட்டரிகளைப் பெரும்பாலும் 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக்கூடாது, மேற்கு வெயில் இறங்கும் சுவரோரம் சார்ஜிங் மேஜை போடுவதைப் பார்த்தால் இடம் மாற்றச் சொல்லிவிடுங்கள்.

வெல்டிங்குக்கு மட்டும் இன்னும் இரண்டு வார்த்தை. கூரை வேலை, குழாய் வேலை எல்லாம் வறண்ட நாட்களில்தான் நடக்கும், சுற்றிலும் காய்ந்த புல்லும் அட்டைப் பெட்டியும் இருப்பதும் அப்போதுதான். வேலை முடிந்த பிறகும் குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம், தீக்காவலர் அங்கேயே இருக்க வேண்டும் என்பது விதி. வெயிலில் வெந்த ஆள் நிழலுக்கு ஓடுவது எப்போது என்று நினைக்கிறீர்கள்? சரியாக அந்த அரை மணியில்தான். அதனால் நான் வெல்டிங் வேலைக்கான அனுமதிச் சீட்டை, அதாவது பெர்மிட்டை, அதிகாலைக்குத் தள்ளுகிறேன். காவல் நேரமும் வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். காவல் நிற்பவருக்கு ஒரு குடையும் தண்ணீர் பாட்டிலும் பெர்மிட்டிலேயே எழுதிவிடுகிறேன். முதலில் கேலி செய்தார்கள், இப்போது கான்ட்ராக்டர்களே கேட்டு வாங்குகிறார்கள்.

தீ அலாரம் அடித்து ஆட்களை வெளியேற்றிப் பார்க்கும் ஒத்திகையையும் குளிர்ந்த காலையில் மட்டும் வைத்துப் படம் எடுத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. கோடை மதியத்தில் ஒருமுறை அலாரம் அடித்துப் பாருங்கள். கூடும் இடம் தார் போட்ட திறந்தவெளியாக இருந்தால், தலை எண்ணி முடிப்பதற்குள் பாதிப்பேர் மெல்ல நகர்ந்து கட்டிடத்தின் நிழலுக்கே திரும்பி வந்துவிடுவார்கள். அப்படி நடந்த ஓரிடத்தில் கூடும் இடத்தின் பலகையைப் பிடுங்கி, மரங்கள் இருந்த எதிர் மூலையில் நட்டோம். தீயணைப்பு வண்டி வரும் வழிக்கும் அது குறுக்கே இல்லை.