லேஸ் துண்டைக் கொடுத்து வகை கேட்டால்: செய்முறைத் தேர்வுக்குச் சில குறிப்புகள்

ஃபேஷன் டிசைன் செய்முறைத் தேர்வில் லேஸ் துண்டைக் கையில் கொடுத்ததும் பலர் பூ வேலைப்பாட்டைப் பார்த்து வகையை எழுதிவிடுகிறார்கள். மதிப்பெண் போவது அங்கேதான். அதே ரோஜாவைக் கையாலும் பின்னலாம், மெஷினிலும் போடலாம். நூல் போகும் வழியைப் பாருங்கள்.

பத்து மடங்கு லென்ஸும் ஒரு கறுப்புத் துணியும் போதும். லேஸைக் கறுப்பின் மேல் விரித்து, பூவின் அடர்த்தியான பகுதியில் லென்ஸை வையுங்கள். நெய்த துணி மாதிரி நூல் மேலும் கீழுமாகப் போனால் பாபின் லேஸ் (பாபின் என்பது நூல் சுற்றிய சிறு கட்டை). காஜா தையல் போலக் கண்ணிகள் வரிசையாக நின்றால் ஊசி லேஸ். வெனிஸும் பிரான்சின் அலான்சோனும் பேர்பெற்றது இதற்குத்தான். சங்கிலிக் கண்ணிகள் நீளவாக்கில் ஓடினால் ராஷல் என்ற பின்னல் மெஷினில் செய்தது. அடியில் வலையே இல்லாமல் வெறும் எம்பிராய்டரி நூலாக, ஓரம் சற்றுப் பிசிறாக இருந்தால் கெமிக்கல் லேஸ்: துணியில் எம்பிராய்டரி போட்டுவிட்டு, துணியை மட்டும் கரைத்துவிடுவார்கள்.

ஏமாற்றுவது லீவர்ஸ் மெஷின் லேஸ். 1813-இல் நாட்டிங்ஹாமில் உருவான இந்த மெஷினில் பின்னாளில் ஜக்கார்டு (துளையிட்ட அட்டைகளால் வடிவத்தை இயக்கும் அமைப்பு) சேர்ந்ததும், கைவேலையோ என்று மயங்கும் அளவுக்கு லேஸ் வந்தது. அடர்த்தியான இடத்தை லென்ஸில் பார்த்தால் மெல்லிய இணைவரிகள் தெரியும்.

பாபின் லேஸ் பின்னிக் காட்டச் சொன்னால் அடிப்படை அசைவு இரண்டுதான். இரண்டு ஜோடி, நான்கு பாபின். இடமிருந்து 1, 2, 3, 4. கிராஸ் என்றால் 2-ஐ 3-இன் மேல் போடுவது. ட்விஸ்ட் என்றால் 2-ஐ 1-இன் மேலும், 4-ஐ 3-இன் மேலும் போடுவது. கிராஸ், ட்விஸ்ட், கிராஸ் சேர்ந்தால் துணித் தையல். கிராஸ், ட்விஸ்ட் மட்டும் என்றால் அரைத் தையல். எண் இடத்துக்குத்தான், பாபினுக்கு அல்ல. இதை மறந்து பாபினில் எண் ஒட்டிக்கொள்பவர்களுக்கு இரண்டாவது தையலிலேயே எல்லாம் கலைந்துவிடும். பின்னலைத் தலையணையில் பிடித்து நிறுத்தும் குண்டூசியைச் சீக்கிரம் பிடுங்கினால் ஓரம் உள்ளே இழுபடும்; சில சென்டிமீட்டர் பின்னி முடித்த பிறகே பின்னால் இருப்பதை எடுங்கள்.

எழுத்துத் தேர்வில் நம் பக்கத்து உதாரணம் கேட்டால் நாகர்கோவில் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மிஷனரி மார்த்தா மால்ட் அங்கே பெண்களுக்கு லேஸ் கற்றுக்கொடுத்தார். அவர் மகள் எலைசா கால்டுவெல் அதை இடையன்குடிக்குக் கொண்டுபோனார். ஓவியத்தில் கேட்டால் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள, டச்சு ஓவியர் வெர்மீரின் 'லேஸ் பின்னும் பெண்'. முன்னால் தொங்கும் சிவப்பு நூல் கொட்டிய சாயம்போல மங்கலாக இருக்கும்; விரல்களுக்கு இடையே இழுத்துப் பிடித்த நூலோ கூர்மையாக இருக்கும். இந்த வேறுபாட்டை எழுதுங்கள்.

டிசைன் தாளில் அதிகம் காணும் பிழை: ஸ்கேலப் (சிறு வளைவுகள் வரிசையாக அமைந்த) ஓர லேஸை வட்டப் பாவாடையின் கீழ் விளிம்பில் அப்படியே வரைந்துவிடுவது. ஸ்கேலப் நேராகத்தான் ஓடும். ஓரத்தைப் பூவைச் சுற்றித் தனியே வெட்டி, வளைவுக்கேற்ப ஒன்றன்மேல் ஒன்று சற்று ஏறும்படி வைத்துத் தைக்க வேண்டும். அதற்கு ஓரத்தின் நீளம் கூடுதலாகத் தேவைப்படும்; துணிக் கணக்கில் அதையும் சேர்த்துக் காட்டுங்கள்.