பூ கண்ணில் படாத சுவர்க் களை: பரியேட்டாரியா ஜுடாய்கா

சுவர் விரிசலிலும் கிளறிப்போட்ட மண்ணிலும் மண்டிக் கிடந்த களை இது. சிவந்த தண்டு, ஒன்றுவிட்டு ஒன்றாக இலைகள், இலை ஓரத்தில் பல் கிடையாது. படம் பிடித்துச் செடியை அடையாளம் காட்டும் செயலியில் போட்டால், ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு பெயர் சொன்னது. பளிச்சென்ற பூ இல்லாத செடி என்றாலே அதற்குத் திண்டாட்டம்தான்.

சரி என்று கைலென்ஸை எடுத்தேன். தண்டைச் சட்டையில் வைத்து அழுத்தினால் ஒட்டிக்கொள்கிறது. பசை ஏதும் இல்லை. நுனி வளைந்த நுண்மயிர்கள்தான் துணியைப் பற்றுகின்றன. இலைக்கோணங்களில் பச்சைநிறப் பொடிப் பூக்கள் கொத்தாக இருந்தன. நான்கு மடல், நான்கு மகரந்தத்தாள். தொட்டால் கொட்டும் நெட்டில் செடிகளின் அர்ட்டிகேசி குடும்பமோ என்று அப்போதே தோன்றியது. கொட்டும் மயிர் இல்லையே என்றால், அந்தக் குடும்பத்தில் கொட்டாத செடிகளும் ஏராளம்.

வழி காட்டியது இலையடிச் செதில், அதாவது இலைக்காம்பின் அடியில் இருக்கும் சின்னச் செதில். அர்ட்டிகேசியில் பெரும்பாலான செடிகளுக்கு அது உண்டு, பரியேட்டாரியாவுக்குக் கிடையாது. முதிர்ந்த இலையில் செதில் உதிர்ந்துபோயிருக்கலாம் என்பதால் கொழுந்துகளைத் தேடிப் பார்த்தேன். காம்படியில் செதிலும் இல்லை, உதிர்ந்த தழும்பும் இல்லை.

அப்புறம் ஊசிச் சோதனை. மொட்டுக்குள் மகரந்தத்தாள்கள் உள்பக்கமாக மடங்கி விறைப்பாக நிற்கும். வெயில் ஏறியதும், விரியத் தயாரான பூவாகப் பார்த்து ஊசிமுனையால் சீண்டினேன். தாள் விசுக்கென்று நிமிர்ந்தது. புகைபோல மகரந்தம் கிளம்பியது. காற்றில் பரவும் மகரந்தத்துக்கு இப்படி ஓர் ஏற்பாடு! செய்து பார்க்கிறவர்கள் முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். மத்தியதரைக்கடல் நாடுகளில் மகரந்த ஒவ்வாமைக்கு இது முக்கியக் காரணம். ஐரோப்பாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கும் போய்ப் பரவியிருக்கிறது; அங்கே இதை ஆஸ்துமா களை என்றே சொல்கிறார்கள்.

பேரினம் முடிவானது. இனத்தில்தான் கொஞ்சம் இழுபறி. அதே பேரினத்தின் இன்னோர் இனமான பரியேட்டாரியா அஃபிசினாலிஸ் அவ்வளவாகக் கிளைக்காமல் நிமிர்ந்து வளரும், இலையும் பெரிது. என் செடி அடியிலிருந்தே கிளைத்துப் படர்கிறது, அடித்தண்டு கட்டைபோல முற்றியிருக்கிறது, இலைகள் சின்னவை. ஆகவே ஜுடாய்கா என்று குறித்திருக்கிறேன். இன்னும் ஒன்று பார்க்க வேண்டும்: ஜுடாய்காவில் இருபால் பூவின் உறை கனியாகும்போது குழலாக நீளும். காய் பிடிக்கட்டும் என்று ஒரு கிளையை மட்டும் விட்டுவைத்து, மற்றதை வேரோடு பிடுங்கிவிட்டேன்.